யானை நகரவில்லை

"ச்சூ... மெதுவா நடங்க. மாப்பிள்ளை உறங்குறார்."

குசினி அடுப்படிப் பக்கமிருந்து மனைவி மைமூனாவின் குரல் வந்ததும், எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸைனுலாப்தீன் விறாந்தையில் ஒற்றைக் காலில் நின்றார். கையில் பேனை. கக்கத்தில் ஒரு கட்டு வெள்ளைத் தாள். எதிரே சாத்தியிருந்த அறைக் கதவு.

"நான் நடக்கவே இல்லையே. சும்மா நிக்கிறன்."

"நிக்கிறதும் சத்தமா நிக்காதீங்க."

சத்தமாக நிற்பது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. விளக்கம் கேட்டால் அதுவும் சத்தமாகிவிடும் என்பதால் வாயை மூடிக்கொண்டார்.

மகள் சுபைறாவின் கலியாணம் முடிந்து அன்று எட்டாம் நாள். ஊர் வழமைப்படி பெண்ணைக் கொடுக்கும்போது வீட்டையும் சேர்த்துக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை ஜெமீல் வாத்தியார் மருதமுனையிலிருந்து வந்து முன்னறையில் குடியேறிவிட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் பின்வளவில் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். ஸைனுலாப்தீனும் ஒரு காலத்தில் இதே கல்முனைக்குடி வளவுக்கு மாப்பிள்ளையாக வந்து, தன் மாமனாரைப் பின்பக்கம் தள்ளியவர்தான். ஆகவே முறைப்பாடு சொல்ல அவருக்கு வாயில்லை.

வீட்டைக் கொடுத்ததில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மேசையைக் கொடுத்ததில்தான் வருத்தம்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் விழுந்த முற்றத்து வேம்பில் செய்த மேசை அது. மரம் வீணாகக்கூடாது என்று ஓடாவி தாராளமாகச் செய்துவிட்டார். அறைக்குள்ளேயே வைத்து ஆணி அறைந்ததால், அது இந்த ஜென்மத்தில் கதவால் வெளியே வராது. நான்கு வருஷமாக விடியற்காலைச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, ஒரு பிளேன்டீயைக் குடித்து, அந்த மேசையில் உட்கார்ந்து எட்டு மணி வரை எழுதுவார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளாக்கர் வேலைக்குக் கந்தோருக்குப் போவார். காய்ச்சலானாலும் சரி, மழையானாலும் சரி, மூன்று பக்கம் எழுதாமல் அவருக்கு நாள் தொடங்காது.

எழுதியது கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்குத் தொடர்கதை. பெயர் 'காவல் பரண்'. முப்பதாம் அத்தியாயத்தில் கதாநாயகி ஜெஸீமா வயலுக்குச் சோறு கொண்டு போகிறாள். ஒற்றை யானை துரத்துகிறது. மரத்தின் மேல் கட்டியிருந்த பரணில் ஏறிவிடுகிறாள். யானை மரத்தடிக்கு வந்து அடிமரத்தில் நெற்றியை வைக்கிறது. தொடரும்.

கலியாண வேலைகளுக்காக முன்கூட்டியே அனுப்பி வைத்த இரண்டு அத்தியாயங்களில் கடைசி அது. நேற்று ஞாயிறன்று வெளிவந்துவிட்டது. அடுத்தது வியாழக்கிழமைத் தபாலில் போக வேண்டும். ஜெஸீமா மேலே நிற்கிறாள், யானை கீழே நிற்கிறது, ஸைனுலாப்தீன் விறாந்தையில் நிற்கிறார்.

ஒரு தடவை மெல்லச் செருமிப் பார்த்தார். கதவு நீக்கல் இடுக்கில் ஏதோ நிழல் அசைந்தது போலிருந்தது. மாப்பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டால் மரியாதைக் கேடு. அவசரமாகப் பின்பக்கம் போய்விட்டார்.

புது மாப்பிள்ளையும் மாமனாரும் முகம் பார்த்துக் கதைப்பது அங்கே வழக்கமில்லை. ஜெமீல் விறாந்தைக்கு வந்தால் ஸைனுலாப்தீன் வேலிப்பக்கம் போவார். ஸைனுலாப்தீன் கிணற்றடியில் நின்றால் ஜெமீல் குளிப்பையே ஒத்திவைப்பார். கதைக்க ஏதாவது இருந்தால் அது சுபைறா வழியாகப் போய், சுபைறா வழியாகத் திரும்பி வரவேண்டும். 'தம்பி, கொஞ்சம் எழும்புங்க, என்ட மேசை வேணும்' என்பதை எந்த மகள் வழியாக எந்தத் தகப்பன் சொல்லி அனுப்புவான்?

அன்றைக்குக் குசினியில் உரலைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டார். ஜெஸீமா பரணின் கம்பைப் பிடித்துக்கொண்டாள் என்று எழுதினார். யானை தும்பிக்கையை உயர்த்தியது என்று எழுதினார்.

"இஞ்சாருங்க, சும்மா இரிக்கிற நேரம் இந்தத் தேங்காயைத் துருவுங்க."

"நான் சும்மாவா இரிக்கிறன்?"

"கைதான் எழுதுது, மத்ததெல்லாம் சும்மாதானே இரிக்கு. மாப்பிள்ளைக்கு இடியப்பத்துக்குச் சொதி வெக்கணும்."

தேங்காயைத் துருவினார். வெங்காயம் உரித்தார். கோழி ஒன்று பலகையில் ஏறி நான்காவது வரியை மிதித்துக்கொண்டு போனது. எட்டு மணிக்குத் தாளைப் பார்த்தபோது, 'யானை தும்பிக்கையை உயர்த்தி முதற்பாலைப் பிழிந்தது' என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கதவு மறுபடியும் சாத்தியே கிடந்தது.

"தொழுதிட்டுத் திரும்பப் படுத்திட்டார் வாப்பா," என்று சுபைறா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கையில் மாப்பிள்ளைக்கு முட்டைக் கோப்பி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் வெறும் கோப்பையோடு வெளியே வந்தாள்.

வீடு சரிவராது என்று தீர்மானித்து ஸைனுலாப்தீன் கந்தோருக்குப் போனார். காலை ஆறு மணிக்குக் கந்தோரில் யார் இருப்பார்கள்? காவலாளி தங்கரத்தினம் இருந்தார். காரைதீவுக்காரர். ஐந்து ஏக்கர் வயல் வைத்திருப்பவர். அதுதான் வினையாகப் போயிற்று.

"சேர், கோவிக்கப்படாது. நேத்துக் கதை வாசிச்சன். அந்தப் பரண் கட்டின மரம் என்ன மரம்?"

"வேம்பு."

"வேப்ப மரத்தில ஆரும் பரண் கட்டுவாங்களா சேர்? மருத மரத்திலதான் கட்டுவாங்க. மருத மரமெண்டால் யானை முட்டினாலும் ஆடாது."

"ஆடாட்டிக் கதை இல்லையே தங்கரத்தினம்."

"அதைத்தான் நானும் சொல்றன். கதை பிழை."

பிறகு தங்கரத்தினம் தன் வயலுக்கு வந்த யானைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அவருடைய வயலுக்கு நிறைய யானைகள் வந்திருந்தன. மூன்றாவது யானை வாய்க்காலைத் தாண்டும்போது, பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஒருவர் ரோட்டால் போனவர் எட்டிப் பார்த்தார். "அட, கிளாக்கர் ஐயா வந்திட்டாரே!"

அவருக்கு ஒரு படிவம் எழுதிக் கொடுத்ததுதான் ஸைனுலாப்தீன் செய்த தவறு. புதன்கிழமை ஆறு மணிக்குப் பதினொரு பேர் நின்றார்கள். வியாழக்கிழமை நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு குடும்பமே கட்டுச்சோற்றோடு வந்து வாசலில் குந்தியிருந்தது. அன்று அவர் முப்பத்திரண்டு படிவம் எழுதினார். கதை ஒரு வரியும் எழுதவில்லை.

மத்தியானம் தபாற் கந்தோருக்குப் போனார். வாரா வாரம் அவருடைய கடித உறையை வாங்கி முத்திரை குத்துபவர் சுவாம்பிள்ளை.

"கவர் எங்க சேர்?"

"கவர் இல்ல. ஒரு தந்தி."

"அப்ப யானை?"

"யானை அடுத்த கிழமை."

'சுகமில்லை. அத்தியாயம் அடுத்த வாரம்' என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு சுவாம்பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஆள் நல்லாத்தானே நிக்கிறீங்க."

"உள்ளுக்குள்ளால சுகமில்ல, சுவாம்பிள்ளை."

அது பொய்யில்லை. பத்து நாளாக அவர் அவராக இல்லை. பிளேன்டீக்குச் சீனி போட்டேனா என்று சந்தேகம் வந்து இரண்டு தரம் போட்டார். சட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கடைத்தெருவரை போய் வந்தார். காலையில் எழுதாவிட்டால், அன்றைய நாள் முழுவதும் யாரோ வேறொருவருடைய நாளில் நடந்து திரிவது போலிருந்தது. யாரிடமாவது சொல்லி அழலாம் போலவும் இருந்தது. ஆனால் மேசைக்காக அழுகிற ஐம்பது வயது மனுசனை ஊர் என்ன சொல்லும்?

வெள்ளிக்கிழமை கந்தோரில் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். "ஸைனுலாப்தீன், உங்கட சேவை மனப்பான்மையைப் பத்திச் சனம் பெருமையாக் கதைக்குது. பொதுமக்கள் நலன் கருதி, வாற திங்கள்ல இருந்து நீங்க ஆறு மணிக்கே கந்தோரைத் திறக்கலாம் எண்டு எழுத்தில போட்டிருக்கிறன்."

தப்புவதற்கு ஒரே வழிதான் இருந்தது. திங்கட்கிழமை ஸைனுலாப்தீன் சுகவீன லீவு எழுதிக் கொடுத்தார். இனி நிம்மதியாகப் பின்னறையில் படுத்துக்கொண்டே எழுதலாம் என்று அவர் நினைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஊர் முழுவதும் வாசித்திருந்தது. ''காவல் பரண்' ஆசிரியர் கடும் சுகவீனமுற்றிருப்பதால் இவ்வாரம் தொடர் இடம்பெறவில்லை.' கடும் என்ற சொல் பத்திரிகை ஆசிரியரின் சொந்தக் கற்பனை.

விடிந்ததும் சனம் வரத் தொடங்கியது. தோடம்பழம் வந்தது, செவ்விளநீர் வந்தது, ஓதிய தண்ணீர் மூன்று போத்தல் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்ததாக யானையை விசாரித்தார்கள். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வளவுப் பாத்தும்மா கட்டிலருகில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுசைத் தரணும் காக்கா. இருந்தாலும் ஒண்டு சொல்றன். நமக்கு எது எப்ப எண்டு தெரியாது. மௌத்தாப் போறதுக்கு முந்தி அந்தப் புள்ளையை மரத்தால இறக்கி விட்டிருங்க."

"எனக்குச் சின்னக் காய்ச்சல்தான் பாத்தும்மா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

பின்னேரம் சுபைறா ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்தாள். "அவர் தந்து விட்டார் வாப்பா. நீங்க காலையில கனக்க எழுதித்தான் உடம்பு இப்பிடிப் போச்சாம். கொஞ்சம் குறைச்சு எழுதச் சொன்னார்."

ஸைனுலாப்தீன் எழும்பி உட்கார்ந்துவிட்டார். மகள் போன பிறகு மைமூனாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "கேட்டியா? மேசையையும் பிடிச்சிக்கிட்டு, என்னைக் குறைச்சு எழுதட்டாம். குத்தலைப் பாத்தியா?"

"நல்ல மனசோட ஹோர்லிக்ஸ் தந்திரிக்கார். அதுக்குள்ள குத்தல் எங்க இரிக்கு?"

"போத்தலுக்குள்ளதான் இரிக்கு."

புதன்கிழமை காலை, சுகம் விசாரிக்கச் சனம் வருமுன், அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அறைக்குள் போக முடியாவிட்டாலும் மேசைக்குப் பக்கத்தில் போகலாம் அல்லவா? முன்னறை யன்னலுக்கு வெளியே ஒரு மாதுளை நின்றது. நான்கு வருஷமாக அவர் எழுதிக்கொண்டே பார்த்த மாதுளை. அதன் கீழே ஒரு செங்கல்லைப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி மேசை.

என்ன ஆச்சரியம், எழுத்து வந்தது! 'யானையின் கண்ணில் ஈரம் இருந்தது. ஜெஸீமா அதை அப்போதுதான் கண்டாள்.' பேனை தானாக ஓடியது. பதினேழு நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து வைத்ததுபோல் இருந்தது. ஸைனுலாப்தீன் தன்னை மறந்து சிரித்தார்.

தலைக்கு மேலே யன்னல் திறந்தது. இளஞ்சூடாக, பிசுபிசுப்பாக, தித்திப்பாக ஏதோ ஒன்று தலையில் வந்து விழுந்து, தாடி வழியாக இறங்கி, ஜெஸீமா மேலும் யானை மேலும் பரவியது. யன்னல் மூடிக்கொண்டது.

முட்டைக் கோப்பி.

கத்த முடியாது. கத்தினால், மாமனார் யன்னலடியில் உட்கார்ந்திருந்தார் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதைவிட வெட்கக்கேடு உலகத்தில் இல்லை. தாடியில் மஞ்சள் கரு தொங்க, பூனைபோல் குசினிக்கு நடந்தார்.

மைமூனா அவரை ஒரு தரம் பார்த்தாள். அடுத்த நிமிஷம் நெஞ்சில் கை வைத்தாள்.

"அல்லாஹ்வே! மாப்பிள்ளைக்கு முட்டைக் கோப்பி பிடிக்கல்லையா?"

"என்ட தலை கொதிக்குது மைமூனா."

"தலையைக் கழுவலாம். மாப்பிள்ளை மனம் கோணினா எதைப் போட்டுக் கழுவுறது?"

அவள் சுபைறாவைக் கூப்பிட்டு விசாரித்தாள். சுபைறாவின் முகம் ஒரு கணம் வெளிறியது. "இல்லும்மா, அவருக்கு நல்ல விருப்பம்," என்றாள்.

விருப்பமென்றால் பிறகு ஏன் ஊற்றுகிறார்? முட்டை போதாதுபோலும் என்று மைமூனா முடிவுக்கு வந்தாள். அடுத்த நாள் இரண்டு முட்டை. அதற்கடுத்த நாள் நாட்டுக்கோழி முட்டை மூன்றும், மேலுக்கு ஏலக்காயும். எல்லாம் ஒழுங்காக மாதுளைக்கே போய்ச் சேர்ந்தன. மாதுளையடிக்குக் கல்முனையில் உள்ள கட்டெறும்பு முழுவதும் வந்து குடியேறியது. ஸைனுலாப்தீன் செங்கல்லையும் இழந்தார், இரண்டாவது வியாழக்கிழமையையும் இழந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, மற்றவர்கள் ஸலாம் சொல்லிக்கொண்டு நிற்கையில், அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மாப்பிள்ளை வருமுன் மேசையைக் கண்ணாலாவது ஒரு தரம் பார்க்க வேண்டும். அறைக் கதவை விரற்கடை அளவு திறந்தார்.

மேசை துடைத்துப் பளபளவென்று இருந்தது. மைக்கூடு கழுத்துவரை நிரம்பியிருந்தது. அதன் பக்கத்தில் பிரிக்காத புதுத்தாள் ஒரு கட்டு, மேலே காற்றுக்குப் பறக்காமல் ஒரு சங்கு. கதிரையில் ஒரு சின்னத் தலையணைகூட இருந்தது.

"முடிஞ்சுது," என்றார் பின்னறைக்கு வந்து. "மாப்பிள்ளையும் எழுதத் தொடங்கிட்டார்."

"எழுதட்டுமே. வாத்தியார்தானே," என்றாள் மைமூனா.

"என்ட மையில எழுதுறார், புள்ள!"

மறுவாரம் செவ்வாய்க்கிழமை பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. சுகம் விசாரித்திருந்தார்கள். வாசகர்களின் வேண்டுகோள்களுக்குப் பதில் சொல்லி முடியவில்லை என்றார்கள். இந்த வியாழக்கிழமைத் தபாலிலும் அத்தியாயம் வராவிட்டால், வேறொரு எழுத்தாளரைக் கொண்டு கதையை முடிக்க உத்தேசித்திருக்கிறார்களாம். 'அவர் முப்பத்தோராம் அத்தியாயத்தில் யானையைச் சுட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.'

ஸைனுலாப்தீன் கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். கண் கலங்கிவிட்டது. அந்த யானை ஒரு தப்பும் செய்யவில்லை. வாய்க்காலில் விழுந்த தன் குட்டியைக் காப்பாற்ற ஆள் தேடி வந்த தாய் யானை அது. அந்த விஷயம் இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எழுதாவிட்டால் ஒருவருக்கும் தெரியாமலே அது செத்துப்போகும்.

அன்று முழுவதும் யோசித்தார். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு சாத்திய கதவு, இரண்டு காலைப்பொழுது. இவ்வளவும் எங்கே கிடைக்கும்? பின்னேரம் அஸர் தொழுகைக்கு வுழூ எடுக்கும்போது, முகத்தில் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டார். ஜெமீல் இங்கே இருக்கிறார் என்றால், மருதமுனையில் ஜெமீலின் அறை வெறுமையாகத்தானே கிடக்கும்? வாத்தியாருடைய அறையில் மேசை இல்லாமலா போகும்?

புதன்கிழமை சுபஹுத் தொழுத கையோடு, பள்ளிவாசலில் இருந்தே சைக்கிளை வடக்கே திருப்பினார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். சம்மந்தி வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல், அதுவும் விடிந்தும் விடியாத நேரத்தில் போவது முறையில்லைதான். ஆனால் யானைக்கு முறை பார்க்க நேரமில்லை.

மருதமுனையில் ஒன்றிரண்டு தறிகள் அப்போதுதான் சத்தமிடத் தொடங்கியிருந்தன. ஜெமீலின் தாய் ஆசியா உம்மா முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"என்ன காக்கா இந்த நேரத்தில? சுபைறாக்கு ஏதும்...?"

"ஒண்டுமில்ல. எல்லாரும் நல்ல சுகம். சும்மா இதால போனன்."

"இதால எங்க போக வந்தீங்க?"

"இஞ்சதான்."

ஆசியா உம்மா வாழைப்பழத்தை வாங்கி வைத்து, அவரை விறாந்தையில் உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவரோ தேத்தண்ணியைப் பார்த்தார், முகட்டைப் பார்த்தார், சாத்தியிருந்த ஓர் அறைக் கதவைப் பார்த்தார். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"உங்களுக்கு இப்ப சுகமா காக்கா? காய்ச்சலெண்டு கேள்விப்பட்டன்."

"அது... எழுத முடியாத காய்ச்சல்." ஒரு மிடறு குடித்துத் துணிவை வரவழைத்துக்கொண்டார். "உங்கட்ட ஒரு உதவி கேட்டு வந்தன். ஜெமீல் எங்கட வீட்டில இரிக்கிறதால, இஞ்ச அவர்ர அறை சும்மாதானே கிடக்கும்? இண்டைக்கும் நாளைக்கும் காலையில அந்த அறையில கொஞ்சம்..."

ஆசியா உம்மா சட்டென்று விரலை உதட்டில் வைத்தாள்.

"ச்சூ... மெதுவாக் கதைங்க காக்கா. மகன் உறங்குறான்."

"எந்த மகன்?"

"எனக்கு எத்தினை மகன் இரிக்கான்? ஜெமீல்தான்."

"ஜெமீலா? அவர் எங்கட வீட்டிலதானே உறங்குறார்?"

"அது ராவைக்கு. சுபஹு வாங்கு கேட்டு நீங்க பள்ளிக்கு இறங்கின உடனே இவன் சைக்கிளை எடுத்திட்டு இஞ்ச வந்திருவான். இஞ்சதான் தொழுவான். மறுகா ஒரு உறக்கம். பள்ளிக்கூட லீவுதானே, ஒம்பது மணிக்குத்தான் திரும்புறது. உம்மாவைப் பாக்கப் போறன் எண்டு சுபைறாக்கிட்ட சொல்லி வெச்சிரிக்கான். பாவம், அந்தப் புள்ளை, புது மாப்பிள்ளை விடியக்காலையில தாய்வீட்டுக்கு ஓடுறது தெரிஞ்சா ஊர் சிரிக்குமெண்டு ஆரிட்டயும் மூச்சு விடல்ல."

ஸைனுலாப்தீன் கோப்பையைக் கீழே வைத்தார். வெறும் அறைக்குள் முட்டைக் கோப்பியோடு போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் மகளின் முகம் கண்முன்னே வந்தது. முட்டை வாடையே ஆகாத பிள்ளை அவள். அவர் கை தானாகப் போய்த் தாடியைத் தடவியது.

"ஏன்?" என்றார். "எங்கட வீட்டில அவருக்கு என்ன குறை?"

"ஒரு குறையுமில்ல காக்கா. உங்களுக்காகத்தான் வாறான்." ஆசியா உம்மா இன்னும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "எட்டாம் நாள் காலையில நீங்க பேனையும் தாளுமா அறை வாசல்ல நிண்டீங்களாம். கதவு நீக்கலால பாத்திட்டான். 'மாமாட மேசை உள்ளுக்க மாட்டிக்கிட்டு உம்மா, கேக்க வெக்கப்படுறார், நான் அறையை விட்டுக் குடுத்தா இருந்து எழுதுவார்' எண்டு அண்டைக்கே சொன்னான். மேசையைத் துடைச்சு, மை நிரப்பி, தாளும் வெச்சு, கதவைப் பூட்டாமச் சும்மா சாத்திட்டுத்தான் ஒவ்வொரு நாளும் வாறான்."

ஸைனுலாப்தீன் சாத்தியிருந்த அந்த அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

ஆசியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் தயங்கி, மனதில் கிடந்ததைக் கேட்டேவிட்டாள்.

"நான் கேக்கிறன் எண்டு குறை நினைக்காதீங்க. பதினாறு நாளா அந்த அறையில நிம்மதியா இருந்து எழுதுறீங்களே, பிறகு ஏன் காக்கா அந்த யானை இன்னும் மரத்தடியிலேயே நிக்குது?"